சியாங் மாயில் ஒரு நாவல்: மலிவாகத் தங்கி எழுதப் போனவரின் ஐந்து மாதங்கள்

வேலையை விட்டுவிட்டு, செலவு குறைந்த வெளிநாட்டில் சில மாதம் தங்கி எழுதலாமா என்று ஆண்டுக்கு நாலைந்து பேராவது என்னிடம் கேட்கிறார்கள். கைப்பிரதிகளைச் செப்பனிடுவது என் தொழில் என்பதால் கேட்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லிவந்ததை இப்போது ஒரு பெண் எழுத்தாளரின் அனுபவத்தை வைத்து எழுதிவைக்கிறேன். அவருடைய நாட்குறிப்பையும் கணக்கு நோட்டையும் என்னிடம் கொடுத்து, பெயரில்லாமல் எழுதிக்கொள்ள அனுமதித்தார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் எடுத்த முடிவுகள் சிலவற்றில் என் யோசனையும் கலந்திருந்தது. ஆகவே இதில் வரும் தவறுகளில் எனக்கும் பங்கு உண்டு.

பின்னணி

அவருக்கு வயது 44. வட ஆற்காட்டுப் பக்கம் ஒரு காலணி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் 19 ஆண்டு வேலை பார்த்தவர். திருமணமாகவில்லை. அம்மாவோடும் தம்பி குடும்பத்தோடும் ஒரே வீட்டில் இருப்பவர். அதுவரை இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வந்திருந்தன. எழுத நினைத்த நாவல் பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பற்றியது. கழிவுநீர் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது, தோல் ஊறும் தொட்டிகளில் வேலை பார்த்த ஒரு குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்பது கதை. அவருடைய அம்மாவே அந்தத் தொட்டிகளில் நின்றவர்.

ஆறு ஆண்டாக அந்த நாவல் மூன்றாவது அத்தியாயத்தைத் தாண்டவில்லை. காரணம் சோம்பல் இல்லை. காதுகுத்து, வளைகாப்பு, யாருக்காவது ஆஸ்பத்திரி, யாருக்காவது பள்ளிச் சேர்க்கை என்று எல்லாவற்றுக்கும் முதலில் கூப்பிடுவது இவரைத்தான். 2022இல் ஏற்காட்டில் ஒரு மாதத்துக்கு அறை எடுத்தார். இரண்டாவது சனிக்கிழமையே தம்பி குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டார். “அக்கா தனியா இருக்குதேன்னு வந்தோம்” என்று சொன்ன பிறகு என்ன பேச முடியும்?

2024 நடுவில் வேலையை விட்டார். பணிக்கொடையாக வந்ததில் 3,60,000 ரூபாயை எழுத்துக்கென்று தனியே எடுத்துவைத்தார். மாதம் 60,000 வீதம் ஆறு மாதத்துக்கு.

இடம் தேர்ந்த விதம்

நினைத்த உடனே வந்துபோக முடியாத தூரம், குறைந்த வாடகை, பெண் தனியாக நடக்கக்கூடிய தெருக்கள். அவர் கேட்டது இந்த மூன்றும்தான். வடக்குத் தாய்லாந்தின் சியாங் மாயை நான் சொன்னேன். 2024 ஜூலை 15 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 60 நாள் தங்கலாம் என்று தாய்லாந்து அறிவித்திருந்தது. அங்கேயே 1,900 பாட் கட்டி மேலும் 30 நாள் நீட்டிக்கொள்ளலாம் என்றிருந்தது. ஐந்து ஆண்டு செல்லுபடியாகும் புதிய நீண்டகால விசாவும் அப்போதுதான் வந்திருந்தது. அதற்கு 5,00,000 பாட் கையிருப்பு காட்ட வேண்டும். அப்போது ஒரு பாட் ஏறத்தாழ இரண்டரை ரூபாய். அந்தத் தொகைக்கு அவரால் போக முடியாது. எனவே 90 நாள் தங்கி, ஒருமுறை வெளியே போய்த் திரும்பி வந்து, மறுபடி 60 நாள் தங்குவது என்று திட்டமிட்டோம். சுற்றுலா அனுமதியில் சம்பள வேலை செய்யக்கூடாது என்பதால், கைக்கு வந்த ஒரு மொழிபெயர்ப்பு வேலையை வேண்டாம் என்று சொன்னார். அது சரியான முடிவு.

நாங்கள் பார்க்காமல் விட்டது நாட்காட்டியை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே குளிர்காலம், சுற்றுலாப் பருவம், வாடகை ஏறும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை புகைக்காலம். இரண்டும் ஊரறிந்த விஷயம். மாத வாடகையையும் சாப்பாட்டு விலையையும் அத்தனை நுணுக்கமாகக் கணக்கிட்ட நாங்கள், எந்த மாதத்தில் அந்த ஊர் எப்படி இருக்கும் என்று ஒரு மணி நேரம்கூடச் செலவிடவில்லை.

முதல் எட்டு வாரம்: மூன்று அறைகள்

2024 நவம்பர் 10ஆம் தேதி பாங்காக்கில் இறங்கி, இரவு ரயிலில் சியாங் மாய் போய்ச் சேர்ந்தார். சந்திதம் பகுதியில் மூன்றாவது மாடி அறை. ஒரு மாதத்துக்கு 7,500 பாட். மேசை, கிழக்குப் பார்த்த சன்னல், சத்தமில்லாத சந்து. எனக்கு எழுதிய முதல் வாரக் கடிதத்தில், “தம்பி, இங்க உக்காந்தா எழுத வரும்னு தோணுது” என்று எழுதியிருந்தார்.

இரண்டாவது வாரத்திலேயே 7,500 அவரை உறுத்தத் தொடங்கிவிட்டது. அக்கம்பக்கத்தில் 5,000 பாட்டுக்குள் அறை கிடைக்கிறது என்று கேள்விப்பட்டார். தினமும் மத்தியானம் அறை தேடி நடந்தார். பிங் ஆற்றை ஒட்டி 3,500 பாட்டுக்கு ஒரு தரைத்தள அறை வந்தது. அக்டோபர் தொடக்கத்தில் அந்த ஆறு பெருக்கெடுத்து ஊருக்குள் புகுந்திருந்தது. சுவரில் இடுப்பளவுக்கு நீர்க்கோடு, புதுச் சுண்ணாம்பு வாடை. நல்லவேளையாக அதை எடுக்கவில்லை. பழைய நகரின் வடக்கு வாசலான சாங் புவாக் அருகே 4,800 பாட்டுக்கு ஒன்று அமைந்தது. மூன்று மாத ஒப்பந்தம், ஒரு மாத முன்பணம். முதல் அறைக்குக் கட்டிய பணத்தில் எட்டு நாள் மீதமிருந்தும் டிசம்பர் 2ஆம் தேதி மாறினார்.

சாங் புவாக் வாசலில் மாலையானால் சாப்பாட்டுக் கடைகள் கூடும். பகலில் பார்த்தபோது அந்தத் தெரு அமைதியாக இருந்தது. இரவு பதினொன்றரை வரை வண்டிச் சத்தம், அதன்பின் பாத்திரம் கழுவும் சத்தம். தூங்க ஒரு மணி, எழ எட்டு மணி என்று ஆகிவிட்டது. மின்சாரம் ஒரு யூனிட் 8 பாட் என்று கட்டட உரிமையாளர் வசூலித்தார். அரசு விலையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. நான்கு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, முன்பணத்தை விட்டுவிட்டு, டிசம்பர் 30ஆம் தேதி முதல் கட்டடத்துக்கே திரும்பினார். மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கேட்டதும் 6,500க்குக் கொடுத்தார்கள். நவம்பரிலேயே கேட்டிருந்தால் அப்போதும் இதே விலைக்குக் கொடுத்திருப்பார்களாம். மேலாளரே சொன்னார்.

இந்த எட்டு வாரத்தில் எழுதியது சுமார் 9,000 சொற்கள். நாட்குறிப்பை வைத்து எண்ணிப் பார்த்ததில், அறை தேடுவதிலும் மாறுவதிலும் மட்டும் 11 நாள் போயிருந்தது. மிச்ச நாட்களிலும் விடியற்காலைகள் சந்தைக்குப் போயின. காலை ஆறு மணிக்கு வாரோரோட் சந்தையில் காய்கறி மலிவு. பலர் சேர்ந்து போகும் சிவப்பு வாடகை வண்டியில் ஏறினால் 30 பாட் ஆகும் என்று போகவர நடந்தார். அரிசி வாங்கி அறையிலேயே சமைத்தார். தெருமுனையில் மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடையில் 40 பாட்டுக்குச் சோறும் இரண்டு குழம்பும் கிடைத்துக்கொண்டிருந்தபோது இது நடந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பத்தொன்பது ஆண்டு அடுத்தவர் கணக்கை நயா பைசா சுத்தமாக எழுதியவருக்கு, தனக்கென்று செலவழிக்க மனம் வருவதில்லை. வருமானம் நின்றுபோன ஒருவருக்குள் எந்நேரமும் ஓடும் அந்தப் பயத்தை வெளியிலிருந்து அளக்க முடியாது.

குடிநுழைவு அலுவலகம்

ஜனவரி 8ஆம் தேதியோடு 60 நாள் முடிகிறது. நீட்டிப்புக்கு ஜனவரி 3ஆம் தேதி போனார். வெளிநாட்டவர் யாரைத் தங்கவைத்தாலும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். டிஎம் 30 என்று சொல்வார்கள். சாங் புவாக் வீட்டுக்காரர் அதைச் செய்யவில்லை. முகவரிப் பதிவு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பழைய கட்டடத்தில் புதிதாகப் பதிந்த சீட்டோடு போனபோது வேறொரு நகல் குறைந்தது. ஆக மூன்று காலை. மூன்றாவது காலையில் பிப்ரவரி 7 வரை முத்திரை கிடைத்தது. அறை மாறியதால் வந்த செலவு வாடகையோடு முடியவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஜனவரி

ஜனவரி 6 முதல் பிப்ரவரி 4 வரை 22,000 சொற்கள் எழுதினார். அவருடைய வாழ்நாளில் அப்படி ஒரு மாதம் இருந்ததில்லை. ஏன் என்று இருவரும் பலமுறை பேசியிருக்கிறோம். அறையின் அமைதி ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் எங்கள் இருவர் கண்ணிலும் அதுவரை படவில்லை.

தாய்லாந்து நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் போகிறது. அங்கே ஐந்து மணிக்கு எழுந்தால் ஊரில் மூன்றரை. வீட்டில் முதல் ஆள் எழுந்து, காபி குடித்து, “அக்கா, ரேஷன் கார்டை எங்க வெச்ச?” என்று போன் செய்ய அங்கே குறைந்தது எட்டரை ஆகும். போனை அணைக்க வேண்டியதில்லை, யாரிடமும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை, குற்ற உணர்ச்சியும் இல்லை. வீடு தூங்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். நவம்பரிலும் டிசம்பர் தொடக்கத்திலும் இந்த மூன்றரை மணி நேரத்தைத்தான் அவர் கத்தரிக்காய் வாங்கச் செலவழித்திருக்கிறார். ஜனவரியில் சமையலை நிறுத்திவிட்டுக் கடைச் சாப்பாட்டுக்கு மாறினார். நாளுக்குச் சாப்பாட்டுச் செலவு 150 பாட்டிலிருந்து 220 ஆயிற்று. அந்த 70 பாட்டுக்குக் கிடைத்தது ஒரு முழுக் காலை.

ஒரு குறையும் ஜனவரியில்தான் தெரிந்தது. அவர் அனுப்பிய அத்தியாயங்களில் விவரணை நன்றாக வந்திருந்தது. ஆனால் ஆட்கள் பேசும் இடங்கள் வெளுத்துப் போயிருந்தன. “இன்னாடி ஆக்குன?” என்று கேட்க வேண்டிய மாமியார், “என்ன சமைச்சே?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாக அவர் காதில் விழுந்த தமிழ், போனில் வந்தது மட்டும். அதுவும் சுருக்கமாக, விசாரிப்பும் தகவலுமாக. மேலும் 1996 காலத்துக் கூலிச் சீட்டுகளையும் நேர்காணல் குறிப்புகளையும் பாரம் என்று வீட்டிலேயே விட்டுப் போயிருந்தார். நான்கு இடங்களில் ‘ஊரில் பார்க்க’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதி நகர்ந்திருந்தார். பேச்சை இப்போது திருத்த வேண்டாம், வரைவு முடியட்டும் என்றேன்.

ரயிலில் பினாங்கு

முத்திரை முடியும் முன் வெளியே போக வேண்டும். இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் முதல் 30 நாள் விசா இல்லாமல் அனுமதித்துவந்தது. பினாங்கு என்று முடிவாயிற்று. விமானத்தில் போனால் ஒரே நாள். அவர் கணக்குப் பார்த்து ரயிலில் போனார். பிப்ரவரி 5 இரவு சியாங் மாயில் ஏறி, பாங்காக்கில் ஒரு பகல் காத்திருந்து, அங்கிருந்து எல்லையிலுள்ள பாடாங் பெசாருக்கு மறுபடி ஓர் இரவு. பிப்ரவரி 7 காலை, முத்திரையின் கடைசி நாளில், எல்லையைக் கடந்தார். ரயில் பழுதாகி நின்றிருந்தால் கூடுதலாகத் தங்கிய குற்றமும் நாளுக்கு 500 பாட் அபராதமும் வந்திருக்கும். அங்கிருந்து பட்டர்வொர்த்துக்குப் பயணிகள் ரயில், பிறகு படகு.

2025இல் தைப்பூசம் பிப்ரவரி 11. பினாங்கில் அந்த வாரம் அறை கிடைப்பதே அரிது. தமிழர்களாகிய எங்கள் இருவருக்கும் இது தோன்றவில்லை. திரும்பும் ரயிலில் 12ஆம் தேதிக்குத்தான் படுக்கை கிடைத்தது. வழக்கமான விலையைப் போல இரு மடங்கு கொடுத்து ஐந்து இரவு தங்கினார். சியாங் மாய் திரும்பியது பிப்ரவரி 14 காலை. ஒன்பது நாளில் ஒரு வரிகூட வரைவில் ஏறவில்லை.

ஆனால் அந்த நாட்களில் அவர் நோட்டில் 30 பக்கம் குறித்திருந்தார். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில், தண்ணீர்ப் பந்தல்களில், லிட்டில் இந்தியாவின் பூக்கடைகளில் காதில் விழுந்த பேச்சுகள். தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களில் வட ஆற்காட்டுக்காரர்களும் நிறையப் பேர். மலாய்ச் சொற்களுக்கு நடுவே, தன் பாட்டி பேசிய ஒரு வசவை எழுபது வயதுக் கிழவி ஒருத்தி வாயில் கேட்டதாக எழுதியிருந்தார்.

புகை

சியாங் மாய் மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணம். அறுவடை முடிந்த மக்காச்சோள வயல்களின் தாளைக் கொளுத்துகிறார்கள். இலையுதிர் காடுகளில் தீ பரவுகிறது. எல்லைக்கு அப்பால் மியான்மரின் ஷான் பகுதியிலிருந்தும் லாவோஸிலிருந்தும் புகை வருகிறது. மழை இல்லாத மாதங்களில், மேலே நிற்கும் வெப்பக் காற்று மூடி போட்டதுபோல் அதைக் கீழேயே நிறுத்திவைக்கிறது. ஊருக்கு மேற்கே 1,676 மீட்டர் உயரத்தில் தோய் சுதேப் மலை நிற்கிறது. அது தெரிகிறதா என்று பார்த்துத்தான் ஊர்க்காரர்கள் காற்றை அளக்கிறார்கள். பிப்ரவரி கடைசி வாரத்தில் அவர் சன்னலிலிருந்து மலை காணாமல் போனது.

சிறுவயதில் அவருக்கு இளைப்பு இருந்தது. என்னிடம் அதைச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. காற்று சுத்திகரிப்பான் வாங்கினார், முகக்கவசம் வாங்கினார், சன்னலை அடைத்துக் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மார்ச் முதல் வாரம் இரவெல்லாம் இருமல். மார்ச் 12ஆம் தேதி மருத்துவர் உறிஞ்சு மருந்து எழுதிக்கொடுத்து, ஊரைவிட்டுப் போக முடியுமா என்று கேட்டார். மார்ச் கடைசி வரை வாடகை கட்டியாயிற்றே என்று அவர் மேலும் நான்கு நாள் யோசித்ததுதான் இந்த நிகழ்விலேயே எனக்கு அதிகம் வலித்த இடம். பிப்ரவரி 14 முதல் இந்தப் பகுதியில் 7,000 சொற்கள் மட்டுமே நகர்ந்தன.

வழிகள் மூன்று இருந்தன. சமாளித்துக்கொண்டு இருப்பது, ஊர் திரும்புவது, மறுபடி பினாங்கு. முதலாவதை நான் ஒப்பவில்லை. ஊர் திரும்பினால் கடைசி ஐந்து அத்தியாயம் ஏற்காட்டுக் கதை ஆகிவிடும் என்று அவர் நம்பினார். “அக்கா, இந்தத் தடவை பிளேன்ல போங்க” என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். மார்ச் 18ஆம் தேதி விமானத்தில் போனார்.

பினாங்கில் கடைசி நான்கு வாரம்

ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் 1,150 ரிங்கிட்டுக்கு ஒரு மாதம். ஒரு ரிங்கிட் அப்போது 19, 20 ரூபாய். முதல் நாள் பார்த்த அறையையே எடுத்தார். வேறு பார்க்கவில்லை. இருமல் ஐந்தாறு நாளில் அடங்கியது.

மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். ஐந்தரைக்கு உட்கார்ந்தால், அம்மாவின் போன் வரும்போது பத்து மணி. அந்த ஊரில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எழுகிறது. ஒன்றரை மணி நேரம் இருட்டிலேயே எழுதுவார். பத்து மணிக்குத் தமிழ்க் கடையில் இட்லி. பிறகு பேச்சைக் கேட்டுக்கொண்டு ஒரு சுற்று. மாமியார் வாயில் ‘இன்னாடி’ தானாகத் திரும்பி வந்தது.

மார்ச் 28ஆம் தேதி மியான்மரில் 7.7 அளவு நிலநடுக்கம். சியாங் மாயிலும் பலமாக ஆடியது. அவர் காலி செய்த கட்டடத்தில் படிக்கட்டுச் சுவரில் விரிசல் விழுந்து, எல்லாரும் மணிக்கணக்கில் தெருவில் நின்றார்கள் என்று மேலாளர் செய்தி அனுப்பினார். அந்தக் குழப்பத்தில் முன்பணம் மே மாதம்தான் வந்தது. முழுசாக வந்தது.

ஏப்ரல் 14ஆம் தேதி, தமிழ்ப் புத்தாண்டு அன்று, வரைவு முடிந்தது. 58,000 சொற்கள். மறுநாள் பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடி விமானத்தில் திரும்பினார்.

கணக்கு

157 நாளுக்குப் பயணம், காப்பீடு, மருத்துவம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 3,10,000 ரூபாய். ஒதுக்கிய பணத்தில் 50,000 மிச்சம். சியாங் மாய் வாடகை, இழந்த முன்பணத்தோடு சேர்த்து, 36,600 பாட். முதல் அறையிலேயே இருந்திருந்தால் அதே காலத்துக்கு சுமார் 31,000 பாட் ஆகியிருக்கும். அறைக்காக 11 நாள், அலுவலகத்தில் 3, ரயில் பயணத்தில் 9, சாங் புவாக்கில் தூங்காத இரவுகள், புகையில் முடங்கிய வாரங்கள். 58,000 சொற்களில் 42,000 சொற்கள், ஜனவரியிலும் கடைசியாகப் பினாங்கிலுமாக, இரண்டே மாதத்தில் எழுதப்பட்டவை. அந்த இரண்டு மாதமும் அவர் மலிவைத் தேடி எங்கும் அலையாத மாதங்கள்.

மாற்ற வேண்டியவை

இன்று யாராவது கேட்டால் சியாங் மாய்க்கு அக்டோபர் கடைசியில் போய் ஜனவரி கடைசியில் கிளம்பிவிடச் சொல்கிறேன். அவர் போனபோதிருந்த விதிப்படி ஒரே நுழைவு, ஒரே நீட்டிப்பு, புகைக்கு முன் வெளியேற்றம். நுரையீரல் தொந்தரவு உண்டா என்று முதலிலேயே கேட்கிறேன். முதல் மாதத்தை மட்டும் முன்பதிவு செய்துவிட்டு, அறை பிடித்திருந்தால் முதல் வாரத்திலேயே மூன்று மாத விலை கேட்கச் சொல்கிறேன். இரவு பத்து மணிக்கு ஒருமுறை அந்தத் தெருவில் நின்று பார்க்காமல் எந்த அறைக்கும் முன்பணம் கொடுக்கக் கூடாது. டிஎம் 30 சீட்டின் நகலைக் கையில் வாங்கின பிறகே பெட்டியைப் பிரிக்க வேண்டும்.

குறிப்புகளைப் படம்பிடித்து எடுத்துச் செல்வது சின்ன வேலை, அதை நாங்கள் செய்யவில்லை. வட்டாரப் பேச்சில் நிற்கும் நாவல் என்றால், உறவினர்களைப் பேசவிட்டு இரண்டு மூன்று மணி நேரமாவது ஒலிப்பதிவு செய்துகொண்டு போக வேண்டும்.

வேறொரு கேள்வியும் எனக்கு உண்டு. அவருக்குக் கிடைத்தது அந்த விடியற்காலை நேரம் என்றால், அதற்கு வெளிநாடு வேண்டுமா? ஊரிலேயே நாலு மணிக்கு எழலாமே என்று அவரிடம் கேட்டேன். “எழுந்திருப்பேன் தம்பி. விளக்கு எரியறதப் பாத்துட்டு, உடம்புக்கு என்னன்னு கேட்டுக்கினே அம்மா வந்துடும்” என்றார். எனக்குப் பதில் இல்லை.

இப்போது

‘ஊரில் பார்க்க’ என்றிருந்த நான்கு இடங்களையும் அவர் நிரப்பிவிட்டார். ஜனவரி அத்தியாயங்களின் பேச்சை அம்மாவிடம் வாசித்துக் காட்டித் திருத்திக்கொண்டிருக்கிறார். தொட்டியில் சுண்ணாம்பு போடும் காட்சியில் மூன்று சொற்களை அம்மா மாற்றச் சொன்னாராம். இரண்டாம் வரைவுக்கு மிச்சமிருக்கும் 50,000 ரூபாயில் மூன்று வாரம் பினாங்கு போக இருக்கிறார். தைப்பூசம் எப்போது என்று பார்த்துவிட்டுத்தான் தேதி குறித்திருக்கிறோம். அறை அதே கடைவீட்டு மாடி.